அப்புச்சியும் மிசாவும் ஒரு கரை வேட்டியும்

போன மாசம் ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிராபிக்கைப் பத்திப் புலம்ப ஆரம்பிச்சு, ரோடு, குப்பை, லஞ்சம்னு பேச்சு வளர்ந்துகிட்டே போச்சு. கடைசியில ஒருத்தர் அந்த வழக்கமான டயலாக்கை எடுத்து விட்டார். "இந்த நாட்டுக்கு ஒரு அஞ்சு வருஷம் சர்வாதிகாரி வேணும்ங்க, அப்பத்தான் உருப்படும்." நாலு பேர் தலையாட்டினாங்க. நானும் ஆட்டியிருப்பேன். என்ன, வாயில சப்பாத்தி இருந்தது :-)

அடுத்த சனிக்கிழமை சோமனூர் போனப்ப அப்புச்சிகிட்ட இதைச் சொன்னேன். (வெளியூர்க்காரங்களுக்காக: அப்புச்சின்னா அம்மாவோட அப்பா. அம்மாவோட அம்மா, அம்மாயி.) அவருக்கு இப்ப 82 வயசு. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் கம்ப்யூட்டர். திண்ணையில உட்கார்ந்து பேப்பரை மடிச்சுக்கிட்டே சொன்னார்.

"அதுதான் இந்திராகாந்தி பண்ணிப் போட்டாங்களே கண்ணு. மிசா காலம் நெம்ப நல்ல காலம். ரயிலு டைமுக்கு வரும். ரேஷன் கடைக்காரன் ஒழுங்கா எடை போடுவான். ஆபீசருக பத்து மணிக்கெல்லாம் சீட்ல உக்காந்திருப்பானுக."

உள்ளே இருந்து அம்மாயி குரல் வந்தது. "நல்ல காலமாமா, நல்ல காலம்! அந்தக் கரை வேட்டி எங்க போச்சுன்னு கேளு சாமி."

அப்புச்சி பேப்பரை மறுபடி விரிச்சுட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரையும் விடலை. அவங்க சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துத்தான் இதை எழுதறேன்.

முதல்ல வரலாறு, சுருக்கமா. தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடலாம். 1975 ஜூன் 12-ம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராகாந்தியோட தேர்தல் வெற்றி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுது. ஜூன் 25 ராத்திரி ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்துப் போடறார். டெல்லியில பத்திரிகை ஆபீஸ்களுக்கு அன்னிக்கு ராத்திரியே கரண்ட் கட். 1977 மார்ச் 21 வரைக்கும், ஏறக்குறைய 21 மாசம். பின்னால விசாரிச்ச ஷா கமிஷன் கணக்குப்படி மிசாவில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேர் உள்ளே போனாங்க. மிசாங்கறது 1971-ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். நெருக்கடி நிலை வந்தப்புறம், ஏன் பிடிச்சோம்னு பிடிச்சவனுக்கே சொல்ல வேண்டியதில்லைன்னு அதைத் திருத்திட்டாங்க. எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்க யாரும் 'நெருக்கடி நிலை'ன்னு சொல்லி நான் கேட்டதில்லை. 'மிசா காலம்'தான். ஒரு சட்டத்தோட பேரே ஒரு காலத்தோட பேரா ஆயிடுச்சு.

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேற மாதிரி. முதல் ஏழு மாசம் இங்கே கலைஞர் ஆட்சி. நெருக்கடி நிலையை எதிர்த்து தி.மு.க. தீர்மானமே போட்டது. வடக்கே தேடப்பட்டவங்க பல பேர் இங்கே வந்து தங்கினாங்க. அதனால டெல்லிக்காரனுக்கு ஜூன் 25-ன்னா நமக்கு 1976 ஜனவரி 31. அன்னிக்கு ஆட்சியைக் கலைச்சாங்க. இயல்பா முடியவே இன்னும் ரெண்டு மாசம்கூட இல்லை. கலைஞரோட மகன் ஸ்டாலின் உள்பட கட்சிக்காரங்க நூத்துக்கணக்குல உள்ளே போனாங்க. முன்னாள் மேயர் சிட்டிபாபு சென்னை மத்திய சிறையில அடிபட்டு 1977 ஜனவரியில இறந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளைப் பின்னால நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரிச்சது.

இவ்வளவு நடந்தும் எங்க பக்கம் பெருசா யாரும் கண்ணீர் விடலைன்னு அப்புச்சி சொல்றார். இத்தனைக்கும் அவர் அப்போ தி.மு.க. அனுதாபி. ஏன்னு யோசிச்சா காரணம் இருக்கு. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூரில் நடந்த விவசாயிகள் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 3 பேர் செத்தாங்க. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிங்க மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி கோயமுத்தூரையே முடக்கினாங்க. தோட்டம் வைச்சிருந்தவங்க மனசுல அந்தக் கோவம் ஆறவே இல்லை. "அவனுகளுக்கு நல்லா வேணும்னு சொன்னவிகதான் ஜாஸ்தி" என்கிறார். ஒரு சர்வாதிகாரம் வர்றப்ப ஊர்ல பாதிப்பேருக்கு ஏற்கனவே யார் மேலயாவது கடுப்பு இருக்கும் போல. அதுவே அதுக்குப் பாதி வேலையை முடிச்சுக் கொடுத்திடுது.

சரி, அப்புச்சி சொன்ன 'நல்ல காலம்' உண்மையா? அவர் பொய் சொல்ற ஆள் கிடையாது. அவர் அப்போ கோயமுத்தூர்ல ஒரு மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தார். தினம் சோமனூர் ஸ்டேஷன்ல இருந்து ரயில். ரயில் லேட்டானா ஷிப்டு போச்சு, அரை நாள் சம்பளம் போச்சு. அப்படிப்பட்டவருக்கு ரயில் நேரத்துக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. அவர் அதை 50 வருஷம் ஞாபகம் வைச்சிருக்கறது நியாயம்தான்.

விலைவாசி? அதுவும் உண்மைதான், ஆனா கதையில ஒரு ஓட்டை இருக்கு. 1974-ல் விலைவாசி 25 சதவீதத்துக்கும் மேல ஏறிக் கிடந்தது. உச்சம் தொட்டது 1974 செப்டம்பர்ல. அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சாச்சு. அதாவது நெருக்கடி நிலை வர்றதுக்கு ஒன்பது மாசம் முன்னாலேயே! 1975-ல் நாடு முழுக்க நல்ல மழை, 1975-76-ல் உணவு தானிய விளைச்சல் 12 கோடி டன்னைத் தாண்டிடுச்சு. மழை பெய்ஞ்சதுக்கும் மிசாவுக்கும் என்னங்க சம்பந்தம்? ஆனா கடை வாசல்ல விலைப் பலகை தொங்குச்சு, போலீசுக்குப் பயந்து பதுக்கல்காரன் மூட்டையை வெளியே எடுத்தான். கண்ணுக்குத் தெரிஞ்சது அதுதான்.

இப்ப போனஸுக்கு வர்றேன். கோயமுத்தூர் மில் குடும்பங்களுக்கு போனஸ்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. தீபாவளித் துணி, பட்டாசு, பழைய கடன், தோடு மீட்கறது எல்லாமே அதுலதான். அப்போ சட்டப்படி குறைஞ்சபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம். 1975 செப்டம்பர் 25-ம் தேதி, தீபாவளிக்கு அஞ்சு வாரமே இருக்கறப்ப, ஒரு அவசரச் சட்டம் வந்தது. குறைஞ்சபட்சம் இனிமே 4 சதவீதம். மாசம் 300 ரூபா சம்பளம்னு வைச்சுக்குவோம். 300 ரூபா வர வேண்டிய இடத்துல 144 ரூபா.

"ஸ்ட்ரைக் பண்ணலீங்களா அப்புச்சி?"

"ஆரு பண்றது? கேட்டுல நின்னு ஒரு கோஷம் போட்டாப் போதும், ஜீப் வந்துரும்."

இது எங்கே நடந்ததுன்னு பாருங்க. அவினாசி ரோட்டுல இருக்கற சின்னியம்பாளையத்தைத் தெரியும்தானே? தொழிற்சங்கத்துக்காக அங்கே 4 மில் தொழிலாளிங்க 1946 ஜனவரி 8-ம் தேதி தூக்குல போடப்பட்டாங்க. சங்கம்ங்கற வார்த்தைக்கு ரத்தத்துல விலை கொடுத்த ஊருங்க இதெல்லாம். அந்த ஊர்ல போனஸைப் பாதிக்கும் கீழே குறைச்சப்ப ஒரு நாள்கூட மெஷின் நிக்கலைன்னு அப்புச்சி சொல்றார், அவர் வேலை பார்த்த மில்லுல. இன்னொரு வேடிக்கை. சின்னியம்பாளையம் தியாகிகளைச் சொந்தம் கொண்டாடற இந்திய கம்யூனிஸ்ட் கட்சி அப்போ இந்திரா பக்கம். மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்க ஜெயில்ல. தோழர்கள் கோவிச்சுக்காதீங்க, பின்னாடி அந்தக் கட்சியே அது தப்புன்னு ஒத்துக்கிச்சு.

நான் இதை எடுத்துச் சொன்னப்ப அப்புச்சி ஒரு நிமிஷம் யோசிச்சார். "ஆமாமா... அந்தத் தீபாவளிக்கு உங்கம்மாளுக்குத் துணி எடுக்கலை." அவ்வளவுதான். நேரத்துக்கு வந்த ரயில் அவருக்குத் தானா ஞாபகம் வந்தது. எடுக்காத பாவாடையை நான் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

இனி வேட்டிக் கதை. இதை அம்மாயி வாய்லயே கேட்டிருக்கணும் நீங்க.

1976 பிப்ரவரி. ஆட்சி கலைஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும். அதே வீதியில ரெண்டு வளைவு தள்ளி இருந்த கட்சிக் கிளைச் செயலாளரை ராத்திரி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. சட்டை போடக்கூட விடலையாம். காலையில வீதி முச்சூடும் தெரியும், ஆனா யாரும் யார்கிட்டயும் கேட்கலை. டீக்கடையில 'அரசியல் பேசாதீர்'னு எழுதின அட்டையைத் தொங்கவிட்டாச்சு. அதுவரைக்கும் அந்தக் கடையில ஒருத்தர் பேப்பரைச் சத்தமாப் படிப்பார், மத்தவங்க கேட்டுக்கிட்டே டீ குடிப்பாங்க. அன்னையில இருந்து அவர் மனசுக்குள்ளயே படிச்சுட்டு மடிச்சு வைச்சுட்டார். முச்சந்தியில இருந்த கொடிக்கம்பம் ஒரு நாள் காலையில காணோம். போலீஸ் பிடுங்கலை. நட்டவங்களே பிடுங்கிட்டாங்க.

அப்புச்சிகிட்ட கறுப்பு சிவப்புக் கரை போட்ட வேட்டி ஒண்ணு இருந்தது. மாநாட்டுக்குப் போனப்ப வாங்கினது. அம்மாயி அன்னிக்கு ராத்திரி சிம்னி விளக்கை வைச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் கரையைக் கிழிச்சு எடுத்து அடுப்புல போட்டுட்டாங்க. "கரையத்தான் எரிச்சேன், துணி நல்ல துணி சாமி, உட மனசு வருமா? உன்ற சின்ன மாமன் அப்பத்தான் பொறந்திருந்தான். தொட்டில் கட்டிப் போட்டேன்."

போலீஸ் எங்க அப்புச்சி வீட்டுப் பக்கமே வரலைங்க. அவர் பேர் எந்த லிஸ்ட்லயும் இல்லை. அவர் மேடையேறினவர் கிடையாது, சும்மா கொடி பிடிச்ச ஆளு. இருந்தும் அந்த வேட்டி எரிஞ்சது. யாரும் எரிக்கச் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சு அப்புச்சி கரை வேட்டி கட்டி நான் பார்த்ததே இல்லை. எப்பவும் வெள்ளை வேட்டிதான். சின்ன வயசுல அது அவருக்குப் பிடிச்ச ஸ்டைல்னு நினைச்சிருந்தேன்.

"அந்தச் செயலாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோன்னு உடனே தோணுச்சு.

அம்மாயி பதில் சொல்லலை. அப்புச்சிதான் ரொம்ப நேரம் கழிச்சு, தெருவைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "அந்த வழியா ஸ்டேசனுக்குப் போறதையே உட்டுட்டேன் கண்ணு. பள்ளத்து வழியா சுத்திப் போவேன்."

ரெண்டு வளைவு தள்ளி இருந்த வீடு. அந்தம்மா ரெண்டு குழந்தைகளை வைச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிட்டாங்கன்னு வீதியில யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு எல்லாருமே சுத்தித்தான் போயிருக்காங்க.

அந்தம்மா கோர்ட்டுக்குப் போயிருக்கலாமேன்னு எனக்குத் தோணுச்சு. அதுக்கும் வழி இல்லை. ஆள்கொணர்வு மனு போட முடியுமான்னு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அரசாங்க வக்கீல் நிரேன் டேகிட்ட நீதிபதி கன்னா கேட்டார், ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகையில ஒருத்தனைக் கொன்னாக்கூட கேட்க நாதியில்லையான்னு. நெருக்கடி நிலை இருக்கறவரை இல்லைன்னுதான் பதில். 1976 ஏப்ரல் 28-ம் தேதி, அஞ்சு பேர்ல நாலு நீதிபதிகள் அரசாங்கம் சொன்னது சரின்னு தீர்ப்பு எழுதினாங்க. எதிர்த்து எழுதினது கன்னா ஒருத்தர்தான். அதுக்காகவே தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காம போச்சு.

அப்புறம் அந்தக் 'கேஸ்' கதை. கோர்ட் கேஸ் இல்லைங்க, குடும்பக் கட்டுப்பாடு. 1976-77-ல் நாடு முழுக்க 81 லட்சம் ஆபரேஷன். டெல்லி, உ.பி. பக்கம் நடந்த அட்டூழியம் தெரிஞ்சதுதான். தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு இல்லை, ஆனா இங்கேயும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. சுகாதார ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வீடு வீடா வந்து கெஞ்சுவாராம், "இந்த மாசத்துக்கு ரெண்டு கேஸ் குறையுதுங்க, பார்த்துச் சொல்லுங்க"ன்னு. வெள்ளை ஜீப் தெரிஞ்சா ஆம்பளைங்க காட்டுக்குள்ள போயிடுவாங்கன்னு அம்மாயி இப்பவும் சிரிக்கறாங்க. 1976 ஏப்ரல்ல வந்த மக்கள்தொகைக் கொள்கைப்படி ரெண்டு குழந்தையோட நிறுத்தினா 150 ரூபா, மூணுன்னா 100, நாலும் அதுக்கு மேலயும்னா 70. மருந்துச் செலவெல்லாம் இதுக்குள்ளயேதான். மேலே நான் போட்ட போனஸ் கணக்கோட இந்த 150-ஐ வைச்சுப் பாருங்க. எதைச் சேர்த்து எதைப் பார்க்கறோம்ங்கறதுலதான் சில விஷயம் புரியுது.

இதெல்லாம் பேப்பர்ல வரலையான்னு கேட்கலாம். எப்படி வரும்? தணிக்கை அதிகாரி பார்த்துக் கொடுத்தாத்தான் அச்சுக்குப் போகும். வானொலியில இருபது அம்சத் திட்டம். இருந்தாலும் ஓட்டை கண்டுபிடிக்கறவன் கண்டுபிடிச்சுகிட்டேதான் இருந்தான். இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கப் பகுதியைக் காலியா விட்டு அச்சடிச்சது. யார் யாரைப் பிடிச்சாங்கன்னு செய்தி போடக் கூடாதுன்னதும், 1976 பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளுக்கு, அஞ்சலி செலுத்த வர முடியாதவங்கன்னு முரசொலியில ஒரு பட்டியல் வந்தது. படிச்சவங்களுக்குப் புரிஞ்சது. ஒரு எரர் மெசேஜ்ல ரகசியத்தை ஒளிச்சு அனுப்பற மாதிரி ஐடியா! என்னதான் அந்தக் கட்சி மேல ஆயிரம் விமர்சனம் இருந்தாலும் இதுக்கு ஒரு சல்யூட் போட்டே ஆகணும்.

உண்மையைச் சொல்லணும்னா, இது முழுசா சர்வாதிகார நாடா ஆகலை. கிழக்கு ஜெர்மனியில ஸ்டாசிங்கற ரகசிய போலீசுக்கு 1989-ல் 91,000 பேர் முழுநேர ஊழியர்கள், அதுக்கு மேல கிட்டத்தட்ட 1,89,000 பேர் உளவு சொல்றவங்க. அண்ணன் தம்பியை, புருஷன் பொண்டாட்டியைக் காட்டிக் கொடுத்த கதையெல்லாம் அங்கே உண்டு. நம்ம 21 மாசத்தை அதோட ஒப்பிட முடியாது. ஆனா இன்னொரு ஜெர்மனி விஷயம் படிச்சப்ப அப்புச்சி திண்ணைதான் ஞாபகம் வந்தது. மில்டன் மேயர்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர், ஹிட்லர் செத்து ஏழெட்டு வருஷம் கழிச்சு ஒரு சின்ன ஜெர்மன் ஊருக்குப் போய்க் குடியிருந்து, முன்னாள் நாட்சிக் கட்சிக்காரங்க 10 பேரோட பழகி, 1955-ல் புத்தகம் எழுதினார். பெரிய தலைங்க இல்லை. தையல்காரர், பேக்கரிக்காரர், போலீஸ்காரர், வாத்தியார் மாதிரி ஆளுங்க. உலகப் போர், வதைமுகாம் எல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறமும் அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த 1930-கள் வாழ்க்கையிலேயே நல்ல காலமாத்தான் தெரிஞ்சிருக்கு. வேலை கிடைச்சது, லீவுக்கு ஊர் சுத்தினோம்னு சொல்லியிருக்காங்க. அவங்களும் பொய் சொல்லலை. அவங்க வீதியிலயும் ஒரு வீடு காலியாகியிருக்கும், அவங்களும் பள்ளத்து வழியா சுத்திப் போயிருப்பாங்க.

1977 தேர்தல் முடிவு எல்லாருக்கும் தெரியும். வடக்கே காங்கிரஸ் துடைச்சு எறியப்பட்டது, இந்திராவே ரேபரேலியில தோத்தார். தமிழ்நாட்டில் தலைகீழ். அ.தி.மு.க.-காங்கிரஸ் அணிக்கு 39-ல் 34. கோயமுத்தூர்ல ஜெயிச்சது அதே அணியில இருந்த இந்திய கம்யூனிஸ்ட் பார்வதி கிருஷ்ணன். போனஸைப் பாதி இழந்த மில் தொழிலாளிங்க நிறைஞ்ச தொகுதி இது! நம்ம மக்கள் முட்டாள்னு இதை வைச்சு வடக்கத்திக்காரங்க எழுதினதைப் படிச்சிருக்கேன். எனக்கு அப்படித் தோணலை. நம்ம ஊர்ல ஜீப் வந்தது சில வீதிகளுக்கு மட்டும்தான், ரயில் எல்லாருக்கும் நேரத்துக்கு வந்தது. போனஸ் 8.33-க்குத் திரும்பினது அந்த வருஷமே, ஜனதா ஆட்சியில. அதுக்கு நம்ம ஊர் ஓட்டுக்கும் ஒரு பங்கும் இல்லை.

"நீங்க யாருக்குப் போட்டீங்க அப்புச்சி?"

"அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப."

50 வருஷம் ஆச்சு, இன்னும் சொல்லலை. அம்மாயிக்கும் தெரியாதாம்.

அந்தச் செயலாளர் ஒரு வருஷம் கழிச்சு, தேர்தல் அறிவிச்சப்புறம் வெளியே வந்தார். ஆள் பாதியாகிட்டாராம், இடது கை சரியா மடக்க வராதாம். டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தப்ப அப்புச்சியும் அங்கேதான் இருந்திருக்கார். என்ன பேசினீங்கன்னு கேட்டேன்.

"என்ன பேசறது. ஒரு டீ சொன்னேன். குடிச்சாரு. காசு நான் குடுத்தேன்."

அவர் இறந்து ரொம்ப வருஷம் ஆச்சு. வீட்டை வித்துட்டாங்க, இப்ப அந்த இடத்துல ஒரு தறி குடோன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினப்ப அப்புச்சியும் கொஞ்ச தூரம் கூட வந்தார். பேச்சு சுவாரசியத்துல கவனிக்கலை, பள்ளத்து வழியாத்தான் நடந்துகிட்டிருந்தோம். ரயில் 25 நிமிஷம் லேட்.

உங்க வீட்ல மிசா காலம் பார்த்தவங்க இருந்தா சீக்கிரம் உட்கார்ந்து கேட்டுடுங்க. ரயிலைப் பத்திச் சொல்லி முடிக்கட்டும், அதுக்கப்புறம் மெதுவா அடுத்த கேள்வியைக் கேளுங்க. அம்மாயிங்க பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது.